எவரும் அழாத தங்கம்

தம்பி,

நீ நலமா என்று கேட்கும் வரியை இம்முறை விட்டுவிடுகிறேன். நீ எப்படி இருக்கிறாய், எங்கே சாப்பிட்டாய், எந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு எந்த மோதிரத்தைப் போட்டுவிட்டாய் என்பதெல்லாம் நாள்தோறும் உன் முகநூல் பக்கத்தில் படமாக வருகிறது. எனக்கும் அப்பாவுக்கும் அதைப் பார்த்துத்தான் உன் சுகம் தெரிகிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். முந்தநாள் நீ அனுப்பிய செய்தியை வாசித்தேன். "சரி அம்மா, பொன்னுருக்குக்கு உங்கட பொற்காசையே எடுப்பம். பழைய காசுதானே, அதுவும் மறுசுழற்சிக் கணக்கிலைதான் வரும். மறக்காமல் கொண்டு வாங்கோ. கமராக்காரர் காலமையே வந்திடுவினம்." உன் கல்யாணத் தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கைப் பற்றி நீ எழுதியது இதுதான். இதற்கு ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டால் நீ ஒரு பெருவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். ஆகவே ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

இதை எல்லாரும் வாசிக்கும்படி முகநூலிலேயே எழுதுவதற்கு உனக்குக் கோபம் வரும். வரட்டும். என்னைக் கேட்காமல் நீதான் முதலில் என்னைச் சந்திக்கு இழுத்தாய். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, நான் குசினியில் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்ததைப் படம் எடுத்தாய். பிள்ளை ஏதோ ஆசைக்கு எடுக்கிறான் என்று பேசாமல் இருந்தேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் என் கைகள் உன் விளம்பரத்தில் ஓடுகின்றன. பின்னால் வீணை வாசிக்கிறார்கள். கீழே எழுத்து வருகிறது: 'எதையும் வீணாக்காதே என்று என் தாய் கற்றுத்தந்தார். அந்தக் கைகளிலிருந்துதான் எங்கள் தங்கம் தொடங்குகிறது.' தம்பி, இவை தபால் கந்தோரில் முத்திரை குத்திய கைகள். இவற்றுக்கும் உன் தங்கத்துக்கும் இருந்த தொடர்பு ஒன்றே ஒன்று. அதை நீ விளம்பரத்தில் போடவில்லை. நான் இங்கே போடுகிறேன்.

உன் தொழிலைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து பல்லேகலவுக்குப் போகும் வீதியில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு பட்டறை நடத்துகிறாய். பழைய நகைகளை வாங்கி, உருக்கி, சுத்தமாக்கி, புது மோதிரமும் தோடும் செய்து வெளிநாட்டவருக்கு விற்கிறாய். சுரங்கத்தில் புதிதாகத் தோண்டியெடுத்த தங்கத்தைத் தொடுவதில்லை என்பது உன் கொள்கை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன அட்டை வைக்கிறாய். அதில் மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறாய்: 'இந்தத் தங்கத்துக்காக எந்த மண்ணும் தோண்டப்படவில்லை. எவரும் அழவில்லை.' அந்தத் தமிழைத் திருத்தித் தரச்சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தாய். 'யாரும்' என்று இருந்ததை 'எவரும்' என்று மாற்றிக் கொடுத்தவள் நான். இன்று அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

சுரங்கங்களைப் பற்றி நீ சொல்வது பொய் என்று வாதாட நான் வரவில்லை. நீ எனக்குக் காட்டிய படத்தை மறக்கவில்லை. சேற்றுக் குழிக்குள் இடுப்பளவில் நின்ற பிள்ளைகள், வெறும் கையால் பாதரசத்தைப் பிசைந்த பெண்கள், அது போய்ச் சேர்ந்த ஆறு. அன்று அப்பா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் இதற்கு ஒரு மாற்று வழி செய்கிறான் என்று அவ்வளவு பெருமைப்பட்டேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், கோயிலில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னேன். ஆனால் பழைய நகை கடையில் முளைப்பதில்லை. அது ஒரு காதிலிருந்தோ கழுத்திலிருந்தோ கழற்றித்தான் வருகிறது. கடல் தாண்டி எங்கோ ஓடும் ஆற்றுக்காக இரங்கும் உன் மனம், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய வத்தேகமவுக்கு ஏன் இரங்கவில்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வத்தேகம என்றதும் உனக்கு விளங்கியிருக்கும். பரமேஸ்வரியின் பெயரை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் வத்தேகமத் தபால் கந்தோரில் இருந்த காலத்திலிருந்து அவளைப் பழக்கம். தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள். பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துப் பிள்ளையை வளர்த்தவள். புருஷன் திரீவீல் ஓட்டினார். நாங்கள் எல்லோரும் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம் அவருடைய திரீவீல் வீட்டு வாசலிலேயே நின்றது. அதோடு நெஞ்சு வருத்தமும் வந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்கிக் கொடுங்கள் என்றார்கள். தாலியை அடகு வைக்கப் பரமேஸ்வரி கண்டிக்கு வந்தாள். தனியாக வங்கிக்குப் போகக் கூச்சமாக இருக்கிறது, நீங்களும் வாங்க என்று என்னைக் கூப்பிட வீட்டுக்கு வந்தாள். அவள் கழுத்தில் அப்போதே மஞ்சள் கயிறும் ஒரு துண்டு மஞ்சளும்தான் இருந்தன. தாலியைக் கைலேஞ்சியில் முடிந்து வைத்திருந்தாள். ஒரு சின்னப் பொட்டு, இரு பக்கமும் இரண்டு குண்டு, மெல்லிய சங்கிலி. பொட்டின் ஒரு ஓரம் நசுங்கியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அவள் வெட்கப்பட்டாள். "கவலை வந்தா அதக் கடிச்சுக்கிட்டே இருப்பேன் மிஸ். பழக்கமாப் போச்சு" என்றாள்.

நீ அன்று வீட்டில் இருந்தாய். முன் விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்து என்ன பேசினாய் என்பதை நான் ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்து.

"வங்கிக்குப் போகாதீங்கோ அக்கா. வட்டி கட்ட ஏலாமல் போனா ஏலத்திலை போட்டிடுவாங்கள். என்னட்டைத் தாங்கோ. இண்டைய விலையை அப்பிடியே தாறன். நீங்கள் காசோடை வாற அண்டைக்கு, அண்டைய விலைக்கு, இதே தாலியைத் திருப்பி எடுக்கலாம்."

"உருக்கிட மாட்டீங்களே தம்பி?"

"சீச்சீ. வேறையா எடுத்து வைப்பன். அம்மா சாட்சி."

அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "மிஸ் சொன்னா சரிங்க" என்றாள். நான் சொன்னேன்: "ஓம், அவன் வைச்சிருப்பான்." அவ்வளவுதான். என் கைக்கும் உன் தங்கத்துக்கும் அல்ல, என் வாய்க்கும் உன் தங்கத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு அது. அவள் உன்னை நம்பித் தாலியைக் கொடுக்கவில்லை. உன்னை அவளுக்கு என்ன தெரியும்? கட்டைக் காற்சட்டையோடு கந்தோருக்குள் ஓடித்திரிந்த பிள்ளையாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அவளைக் கோயிலில் காணும் போதெல்லாம் ஒரே கேள்வி. "மிஸ், தம்பி பத்திரமா வச்சிருக்காருங்களா?" நான் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்பேன். "லொக்கரிலை இருக்கம்மா" என்பாய். தலையை நிமிர்த்தாமல் போனைப் பார்த்தபடியே சொல்வாய். அடுத்த முறை நான் அதை அவளுக்குச் சொல்வேன். இரண்டு வருடத்துக்கு மேல் இந்தத் தபாலை நான் சுமந்தேன். உறைக்குள் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாளாவது, எங்கே அதை எடுத்துக் காட்டு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். இனி அப்படி நினைக்கமாட்டேன்.

இப்போது அந்தக் காசின் கதைக்கு வருகிறேன். பொன்னுருக்கு என்றால் என்ன என்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை, ஆனால் நீ அதை மறந்துவிட்டதுபோல் நடக்கிறாய். மாப்பிள்ளை வீட்டில், நல்ல நாள் பார்த்து, பெற்றவர்கள் ஒரு பொற்காசை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க, அவன் அதைப் பத்தரிடம் கொடுத்து, எல்லோருக்கும் முன்னால் உருக்குவிப்பது. உருக்கிய பொன்னைத் தேங்காயும் மஞ்சளும் வைத்த தட்டில் இட்டு, வந்தவர்கள் எல்லோரும் தொட்டு வாழ்த்துவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி. நீ பிறந்த கிழமையே அப்பா ஒரு காசு வாங்கினார். அன்று அவர் புகையிரதத்தில் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. கடுகண்ணாவையில் ஓர் அறை வாடகை வீட்டில் இருந்தோம். பால்மா வாங்கவே யோசித்த நாட்களில் எதற்கு இந்த ஆடம்பரம் என்று நான் சத்தம் போட்டேன். "பெடியன் வளருவான்தானே" என்று மட்டும் சொன்னார். ஒரு சிவப்புத் துணியில் சுற்றி வைத்தார். வீடு மாறும் போதெல்லாம் அலுமாரியை வண்டியில் ஏற்ற முன்பு அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

நீ கட்டப்போகிற ஆரணியின் வீட்டார் பேராதனையிலிருந்து கல்யாண நாள் வைக்க வந்த அன்று, அப்பா அந்தக் காசை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை. நீ என்ன சொன்னாய்? "அப்பா, அதை உள்ளை வையுங்கோ. அது எந்தச் சுரங்கத்திலையிருந்து வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? அழுக்குத் தங்கம். என்ர கல்யாணத்துக்கு என்ர தங்கத்தையே எடுப்பம். பொன்னுருக்கைப் பட்டறையிலை வைப்பம், வீடியோவுக்கும் வடிவாயிருக்கும்." ஆரணியின் தாய் தன் தட்டில் இருந்த பயற்றம் பணியாரத்தைக் குனிந்து பார்த்தார். அப்பா காசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வந்தவர்களைப் பார்த்து, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றார். எனக்கு அந்தத் தேநீரை உன் முகத்தில் ஊற்ற வேண்டும்போல் இருந்தது. சம்பந்தி வீட்டார் இருந்ததால் தப்பினாய். அவர்கள் போன பிறகு நான் ஏசத் தொடங்க, உனக்காகப் பேசியதும் அப்பாதான். "அவன் சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு. காலம் மாறுது, விடும்" என்றார்.

அடுத்த கிழமை பரமேஸ்வரி வந்தாள். குவைத்துக்கு வேலைக்குப் போன மகள் காசு அனுப்பியிருந்தாள். புதுச் சேலை உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல் வந்து நின்றாள். கையில் ஒரு குங்குமச் செப்பு. உள்ளே பஞ்சு வைத்திருந்தாள், தாலியைக் கைலேஞ்சியில் கொண்டு போகக்கூடாது என்பதற்காக. "இன்னைக்குக் கோயிலுக்கு நேரா போயி கட்டிக்கிறோம் மிஸ். அவரு கீழ பஸ் ஹோல்ட்ல நிக்கிறாரு. மேடு ஏற முடியல" என்றாள். அவளை விறாந்தையில் இருத்திவிட்டு நான் குசினிக்குள் போய் உனக்கு அழைப்பு எடுத்தேன்.

"அம்மா, அது அப்பவே உருக்கியாச்சு" என்றாய்.

"எப்ப?"

"அந்தக் கிழமையே. வெளிநாட்டு ஓடர் ஒண்டு. நாள் குடுத்திட்டன். அந்த நேரம் பழைய தங்கமே கிடைக்கேல்லை."

"லொக்கரிலை இருக்கெண்டு சொன்னாய்."

"தங்கம் இருக்குத்தானே அம்மா. தங்கத்துக்குப் பேர் இருக்கே? அதே நிறையிலை, அதைவிட வடிவா ஒண்டு செய்து குடுக்கிறன். வங்கியிலை வைச்சிருந்தா ஏலத்திலை போயிருக்கும், அதை யோசியுங்கோ. நல்ல பெட்டியும் போட்டுக் குடுக்கிறன்."

அந்தப் பெட்டிக்குள் அந்த அட்டையும் இருந்திருக்கும். 'எவரும் அழவில்லை.' நான் திருத்திய தமிழில்.

அவளிடம் என்ன சொல்வது என்று நான் நிறைய யோசிக்கவில்லை. மெருகு போடக் கொடுத்திருக்கிறது, அடுத்த கிழமை வா என்று சொல்லியிருக்கலாம். நீ செய்யும் புதுத் தாலியைப் பழையது என்று கொடுத்திருக்கலாம். நீயும் அதைத்தான் எதிர்பார்த்தாய் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஓரத்தில் நசுங்கிய இடத்தை நீ எப்படிச் செய்வாய்? அது அவளுடைய பல். நான் விறாந்தைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். "எப்ப மிஸ்?" என்று உன்னிடம் நான் கேட்டதையே கேட்டாள். அந்தக் கிழமையே என்றேன். கொஞ்ச நேரம் செப்பை மூடித் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் இத்தன நாளும் இல்லாத ஒண்ணுக்கு விளக்குப் போட்டிருக்கேன்" என்றாள். அப்போதுதான் கண்ணீர் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அந்தத் தாலி பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று விளக்கேற்றினாளாம். அது என்னிடம் அவள் சொல்லாத விஷயம். தேநீர் கொண்டுவந்தேன், தொடவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தங்கத்துக்குப் பெயர் இல்லை என்கிறாய். சின்ன வயதில் உனக்கு ஒரு நாய் இருந்தது, டைகர் என்று. கட்டுகஸ்தோட்டை வீதியில் லொறியில் அடிபட்டுச் செத்தது. நீ அழுத அழுகையைப் பார்க்க முடியாமல் அப்பா எங்கெல்லாமோ அலைந்து அதே நிறத்தில், அதேபோல நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். நீ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பால் வைக்கச் சொன்னால் வைக்கமாட்டாய். "இது டைகர் இல்லை" என்று கத்தினாய். அன்றைக்கு நாங்கள், நாய் நாய்தானே, அதே நிறை, அதே நிறம், இதைவிட வடிவு என்று உனக்குச் சொல்லவில்லை. அந்தக் குட்டியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு உன் பக்கத்தில் இருந்தோம். ஒரு செத்த நாய்க்காக உனக்குக் கிடைத்த மரியாதையை, உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் தாலிக்கு நீ கொடுக்கவில்லை. எனக்கு வலிப்பது இதுதான். நீ கெட்டவன் என்றால் விட்டுவிடலாம். உனக்கு இது விளங்கும். விளங்கிக்கொண்டே செய்தாய்.

மறுபடி மறுபடி உருக்கலாம் என்பதுதான் தங்கத்தின் சிறப்பு என்று உன் விளம்பரத்தில் சொல்கிறாய். உருக்கினால் அது யாருடையது என்று எவருக்கும் தெரியாமல் போகும் என்பதுதான் உனக்கு அதில் பிடித்தது என்று நான் சொல்கிறேன். சுரங்கத்துத் தங்கத்தை வாங்குகிறவன் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை என்று குறை சொல்கிறாய். உன்னிடம் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள், பாவம். அவர்களுக்கு நீ ஓர் அட்டையைக் கொடுக்கிறாய். நான் உன்னை நம்பியதுபோல அவர்கள் அந்த அட்டையை நம்புகிறார்கள். பரமேஸ்வரியின் தாலி எந்தத் தேசத்தில் எந்த விரலில் மோதிரமாக இருக்கிறதோ, அதைப் போட்டிருக்கும் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

புத்தி சொல்லும் ஆசை எனக்கு இல்லை, நீ கேட்கிற ஆளும் இல்லை. ஆனாலும் தாய் என்ற முறையில் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். உன் பட்டறையில் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கிறாய். தங்கம் உருகுவதை வீதியால் போகிறவன்கூடப் பார்க்கலாம். நீ அதை வாங்குகிற மேசை மட்டும் பின்னறையில், திரைக்குப் பின்னால் இருக்கிறது. நான் வந்தபோது பார்த்தேன். அங்கே ஒரு பெண் தோட்டைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். அந்த மேசையைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வை. விற்க வருகிறவளுக்கு நல்ல கதிரை போடு. ஏன் விற்கிறாய், திருப்பி எடுக்கும் எண்ணம் உண்டா என்று கேள். உண்டென்றால் காத்திரு. காத்திருக்க முடியாதென்றால் வாங்காதே, வங்கிக்குப் போகச் சொல். வங்கி குறைந்தது ஏலத்துக்கு முன்னால் ஒரு கடிதமாவது போடும். நீ அதுவும் போடவில்லை. அதுவரைக்கும் அட்டையில் இருந்து அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. மண் தோண்டவில்லை என்பது உண்மை, அது இருக்கட்டும்.

ஆரணி, இதை நீயும் வாசிப்பாய். உன்னை நோகடிக்க எழுதவில்லை, பிள்ளை. உன் கழுத்தில் ஏறப்போவது எந்தத் தங்கம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உனக்கு முதலில் உண்டு. அவனிடம் கேள். லொக்கரைத் திறந்து காட்டச் சொல்லிக் கேள்.

இனி, அன்று வேண்டாமென்று தள்ளிவிட்டு, இப்போது என்னைச் சமாதானப்படுத்த நீ கேட்டு அனுப்பிய காசு. பரமேஸ்வரி படி இறங்கிப் போன பிறகு அப்பா உள்ளேயிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வழக்கம்போல உனக்காக ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாரானேன். அவர் நேரே போய் அலுமாரியைத் திறந்தார். சிவப்புத் துணியை அவிழ்த்தார். "அவனுக்கு அழுக்குத் தங்கம் வேண்டாமாம். வேணுமெண்ட ஆக்களுக்குக் குடுப்பம்" என்றார். உன் அப்பா கோபப்பட்டு நீ பார்த்ததில்லை. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் பூட்டினார்.

இருவருமாகப் பஸ் ஹோல்ட்டுக்கு இறங்கிப் போனோம். அவர்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். வந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருக்கிறார்கள். பரமேஸ்வரி மறுத்துவிட்டாள். "அது உங்க வீட்டுப் பொன்னுருக்குக் காசு மிஸ். எங்களுக்கு வேணாம். பாவம்" என்றாள். அப்பா பேசிப் பார்த்தார், நான் பேசிப் பார்த்தேன். கடைசியில் அவளுடைய புருஷன்தான், சும்மா தருவதென்றால் வேண்டாம், நாங்கள் கொண்டுவந்த காசை வாங்கிக்கொண்டு தருவதென்றால் சரி என்றார். வாங்கிக்கொண்டோம். வாங்காவிட்டால் அது தருமமாகிவிடும். அவர்கள் தருமம் கேட்டு வந்தவர்கள் இல்லை.

டவுனில் பத்தரிடம் நால்வருமாகப் போனோம். அவர் காசைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். "பொன்னுருக்குக் காசு மாதிரி இருக்கு. மாப்பிளை ஆர்?" என்று கேட்டார். அப்பா பரமேஸ்வரியின் புருஷனைத் தோளில் பிடித்து முன்னால் விட்டார். "இவர்தான்." நரைத்த தலையோடு, மூச்சு வாங்க நின்ற அந்த மனிதருக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. அப்பா காசை அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பத்தரிடம் கொடுத்தார். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே உருகியது. தட்டில் வைக்கத் தேங்காய் இல்லை. பத்தர் தன் மேசையிலிருந்த வாழைப்பழத்தையும் மஞ்சளையும் வைத்தார். நானும் அப்பாவும் தொட்டு வாழ்த்தினோம். உனக்காக வைத்திருந்த வாழ்த்து அது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பொன்னில் செய்த தாலியை அவளுடைய புருஷன் கோயிலில் கட்டினார். கட்டி முடித்ததும் பரமேஸ்வரி அந்தப் பொட்டை எடுத்து மெதுவாகக் கடித்துப் பார்த்தாள். என்னைப் பார்த்து, "பழகணும் மிஸ்" என்றாள்.

ஆகவே தம்பி, நீ கொண்டு வரச்சொன்ன காசு இல்லை. அலுமாரியில் சிவப்புத் துணி மட்டும் இருக்கிறது. பொன்னுருக்கு அன்றைக்கு நாங்கள் வருவோம். ஆரணியின் பெற்றோர் முன்னால் எங்கள் கதிரை வெறுமையாக இருக்கக் கூடாது. ஆனால் தட்டைத் தொடமாட்டோம். உன் சுத்தமான தங்கத்தை நீயே எடுத்து, நீயே பத்தரிடம் கொடு. கமராவை என் பக்கம் திருப்பாதே. திருப்பினால் உன் அட்டையை எடுத்து அந்தக் கடைசி வரியை உரக்க வாசித்து, அழுதவளின் பெயரையும் சொல்வேன். என் தமிழ் தெளிவாகக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும்.

அந்த நாளுக்கு முன்னால் வத்தேகமவுக்குப் போ. கமரா கொண்டு போகாதே. பெட்டி கொண்டு போகாதே. வேறு தாலி செய்து தருகிறேன் என்று வாயைத் திறக்காதே, அவளுக்கு இப்போது தாலி இருக்கிறது. அந்தக் கிழமையே உருக்கினேன், இரண்டு வருடம் பொய் சொன்னேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். உள்ளே கூப்பிட்டால் போய் உட்கார். கூப்பிடாவிட்டால் வாசலில் நின்றே சொல்லிவிட்டு வா. அதற்குப் பிறகு நாங்கள் தட்டைத் தொடுவதா இல்லையா என்று பார்ப்போம்.

போனாயா என்று உன்னிடம் கேட்கமாட்டேன். அவளிடம் கேட்பேன்.

அம்மா